எங்கள் கராஜில் துர்க்கை

1998-ஆம் வருஷம், அக்டோபர் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலம், டாலஸ் பக்கத்தில் காப்பெல் என்ற ஊரில் நாங்கள் புது வீட்டில் பால் காய்ச்சிக் குடிபோய்க் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. இரண்டு கார் நிற்கும் கராஜ், எங்களிடம் இருந்ததோ ஒரே கார். எனக்கு அப்போது டிரைவிங்கும் வராது. பாதிக் கராஜ் காலியாகக் கிடந்ததால் வந்த கதைதான் இது.

"ஆபீஸ் ஃப்ரெண்டு ஒருத்தரு, கொஞ்சம் சாமான் நம்ம கராஜ்ல வெச்சுக்கலாமான்னு கேட்டாரு அம்மிணி. செரின்னுட்டேன்" என்றார் என் கணவர். நாங்கள் ஈரோடு மாவட்டத்துக்காரர்கள். எங்கள் பக்கத்து ஆண்களுக்கு யாராவது உதவி கேட்டுவிட்டால் 'செரி' என்ற சொல் வாயிலிருந்து தானாக விழுந்துவிடும். பிறகுதான் என்ன கேட்டார்கள் என்றே யோசிப்பார்கள். நானும் ஏதோ சோபா, கட்டில் வருகிறது என்று நினைத்துக்கொண்டு, ஒரு வயது மகளை இடுப்பில் வைத்தபடி வாசலில் நின்றேன்.

வாடகை டிரக் ஒன்று பின்பக்கமாக வந்து நின்றது. ஏழெட்டு ஆண்கள் இறங்கி, ஆள் உயரத்துக்கும் மேலான மரப்பெட்டிகளைத் தூக்க ஆரம்பித்தார்கள். கூடவே சிவப்புக் கரை போட்ட சேலையில் ஒரு பெண், "கை, கை! அவ கையைப் பார்த்து!" என்று கத்திக்கொண்டே ஓடி வந்தார். யாருடைய கை என்று நான் எட்டிப் பார்த்தேன். ஒரு பெட்டியின் பலகை இடுக்கில் பபுள் ராப்பைக் கிழித்துக்கொண்டு ஒரு சிங்கத்தின் பாதம் நீட்டிக்கொண்டிருந்தது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏனுங்க, இது சாமிங்களா?" என்று கணவரைக் கேட்டேன்.

"ஆமா, பெங்காலிக்காரங்களோட துர்கா பூஜை சாமி. போன வாரந்தான் பூஜை முடிஞ்சுதாம். அடுத்த வருஷத்துக்கு எடுத்துக்குவாங்க. அது வரைக்கும் இங்கயே இருக்கட்டுமே."

பக்கத்து வீட்டுக்காரரின் புல்வெட்டும் மிஷினை வைத்துக்கொள்வதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். அந்தப் பூஜைச் சாமிகளைக் கல்கத்தாவில் செய்து கப்பலில் கொண்டுவந்திருக்கிறார்கள். அங்கே என்றால் வருஷா வருஷம் களிமண்ணில் புதிதாகச் செய்து, பூஜை முடிந்ததும் ஆற்றில் கரைத்துவிடுவார்களாம். டெக்சாஸில் ஆற்றில் கரைக்க யார் விடுவார்கள்? அதனால் எடுத்து வைத்து மறுபடி மறுபடி பூஜை செய்கிறார்கள். இதுவரை சாமியை வைத்திருந்த குடும்பம் கலிஃபோர்னியாவுக்கு மாறிப் போய்விட்டதால் இடம் தேடியிருக்கிறார்கள். எங்கள் வீட்டுக்காரர் 'செரி' சொல்லிவிட்டார்.

அன்று கத்திக்கொண்டு வந்த பெண்தான் அந்த ஆபீஸ் நண்பரின் மனைவி. என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். அவரை நான் 'பௌதி' என்றுதான் கூப்பிடுவேன். அவர்கள் மொழியில் அண்ணி என்று அர்த்தம். எனக்கு ஹிந்தி வராது, அவருக்குத் தமிழ் வராது. எங்கள் இருவருக்கும் சுமாராக வந்த இங்கிலீஷில்தான் கடைசி வரை பேசிக்கொண்டோம், சண்டையும் போட்டுக்கொண்டோம்.

அன்று சாயங்காலமே என் ராஜ்ஜியம் ஆரம்பமானது. கராஜுக்குள் செருப்பு கூடாது. அம்மன் பெட்டிக்கு நேராகக் காரின் பின்புறம் வரக்கூடாது, அதனால் ரிவர்ஸில் நிறுத்தவே கூடாது, முகம்தான் அந்தப் பக்கம் பார்க்க வேண்டும். வீட்டு விலக்கு நாட்களில் நான் கராஜ் பக்கமே போக மாட்டேன். எல்லாவற்றையும்விடப் பெரிய பிரச்னை, வீட்டின் முந்தைய சொந்தக்காரர் கராஜில் விட்டுப்போன பழைய ஃப்ரீஸர். அதில்தான் எங்கள் ஆட்டுக்கறி இருந்தது. அம்மனுக்குப் பக்கத்தில் கறியா? எங்கள் ஊர் மாரியம்மன் பண்டிகைக்குக் கம்பம் நட்டுவிட்டால் வீட்டில் கறி என்ன, கடுகு தாளிக்கவே யோசிப்பார்கள். கறியை அன்றைக்கே எடுத்து நண்பர்களுக்குக் கொடுத்துவிட்டேன்.

"ஊர்ல பண்டிகை ரண்டு வாரத்துல முடிஞ்சுரும். இங்க வருஷம் பூராவுமா?" என்று என் கணவர் பாவமாகக் கேட்டார்.

"செரின்னு சொன்னது நீங்கதானுங்க" என்றேன்.

கல்யாணத்துக்கு அம்மா கொடுத்த சின்னப் பித்தளைக் காமாட்சி விளக்கு ஒன்று என்னிடம் இருந்தது. அதைத் தினமும் சாயங்காலம் பெட்டிக்கு முன்னால் ஏற்றுவேன். "கார்ல பெட்ரோல் இருக்குது, ஹீட்டர்ல கேஸ் இருக்குது. நீ வெளக்கேத்துனா வீடே கற்பூரமாயிரும்" என்று அவர் பயந்ததால், கராஜ் கதவைப் பாதி தூக்கி வைத்துவிட்டு, எண்ணெய் தீரும் வரை பக்கத்திலேயே காவல் நிற்பேன். எதிர்வீட்டு அமெரிக்கப் பெண்மணி நாயோடு வாக்கிங் போகும்போது, பாதிக் கதவுக்குக் கீழே பெட்டிகளுக்கு முன்னால் தீயோடு நிற்கும் என்னைப் பார்த்துக் கை ஆட்டுவார். நானும் ஆட்டுவேன். என்ன நினைத்தாரோ, இன்று வரை கேட்கவில்லை.

அந்த விளக்குக்கு முன்னால் நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அதைச் சொல்லாவிட்டால் இந்தக் கதை விளங்காது.

கல்யாணமாகி இங்கே வந்ததிலிருந்து நான் ஊருக்குப் போனதே இல்லை. என் பிரசவத்துக்கு வர அம்மா இரண்டு தடவை விசாவுக்குப் போய், இரண்டு தடவையும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். மகள் பிறந்து ஒரு வயதும் ஆகிவிட்டது. இதற்கிடையில் அம்மாவுக்குக் கண்ணில் பிரஷர் என்று கோயம்புத்தூர் டாக்டர் கண்டுபிடித்தார். போன பார்வை போனதுதான், இருக்கிற பார்வையை முடிந்தவரை சொட்டு மருந்தால் பிடித்து வைக்கலாம், அதுவும் எத்தனை நாளைக்கு என்று சொல்ல முடியாது என்றார்.

வாராவாரம் போனில் பேசும்போது அம்மா அழ மாட்டார். சாதாரணமாகத்தான் சொல்வார். "போட்டோல எல்லாம் பொகையாட்டத்தான் தெரியுது கண்ணு. ஒருக்கா நேர்ல கொண்டாந்து காட்டிட்டுப் போயிரு."

போயிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் கிரீன் கார்டு விண்ணப்பம் அப்போது பாதியில் நின்றிருந்தது. அந்த நேரத்தில் நாட்டை விட்டு வெளியே போக வேண்டுமென்றால் தனியாக அனுமதி வாங்க வேண்டும். வாங்கிக்கொண்டு போனாலும், திரும்பி வரும்போது ஏர்போர்ட் அதிகாரி என்ன சொல்வார் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது என்று எங்கள் லாயர் கையை விரித்துவிட்டார். "கார்டு வந்துரட்டும் அம்மிணி. நிம்மதியா எல்லாருமே போயிட்டு வரலாம்" என்பார் கணவர். அவர் சொன்னதில் தப்பில்லை. அவருடைய வேலையை நம்பித்தான் இரண்டு பக்கக் குடும்பமும் இருந்தது. அதனால் நான் பெட்டியைப் பார்த்து, 'தாயே, எங்கம்மா கண்ணு போறதுக்குள்ள கார்டு வந்துரணும்' என்று தினமும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மார்ச் மாதம் பௌதி வந்தார். வெயில் காலம் தொடங்குவதற்குள் பெட்டிகளுக்குள் எலி, ஈரம் ஏதாவது போயிருக்கிறதா என்று பார்க்க வந்தார். கராஜ் கதவைத் திறந்தால், பெட்டிக்கு முன்னால் கோலம், விளக்கு, வாழைப்பழம், பெட்டியின் மேல் குங்குமம். அவர் ஒரு நிமிஷம் பார்த்தார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்துக் காரின் பம்பரிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அவ இங்க இல்லவே இல்லையே! அக்டோபர்லயே கிளம்பிப் போயாச்சு. இது வெறும் பொம்மை."

எனக்கு முகம் செத்துவிட்டது. அவரே விளக்கமாகச் சொன்னார். பூஜையின் கடைசி நாளில் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, அதில் தேவியின் முகம் தெரிகிற மாதிரி கண்ணாடி பிடித்து, அந்தப் பிம்பத்தைத்தான் கரைப்பார்களாம். அதோடு அவள் புருஷன் வீட்டுக்கு, கைலாசத்துக்குப் போய்விடுவாள்.

ஐந்து மாசமாகக் காலிப் பெட்டிக்கா விளக்கு போட்டேன்? எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. கறியெல்லாம் எடுத்துக் கொடுத்தேனே என்று புலம்பினேன். பௌதி கண்ணைத் துடைத்துக்கொண்டே, "மட்டனா? பூஜையிலயே நாங்க மட்டன் சாப்பிடுவோமே!" என்றார். அடுத்த நாளே என் கணவர் ஒரு பை நிறையக் கறியோடு வந்து ஃப்ரீஸரை நிரப்பினார். அவர் முகத்தில் அப்படியொரு பக்திப் பரவசம்.

அன்றைக்கு டீ குடித்துக்கொண்டே பௌதி சொன்னதுதான் எனக்குப் புதிது. நமக்கு அம்மன் என்றால் தாய். ஊரைக் காக்கிறவள், கோபம் வந்தால் அம்மை போடுகிறவள். பயந்துதான் கும்பிடுவோம். பெங்காலிகளுக்கு அவள் மகள். கட்டிக்கொடுத்த இடம் கைலாசம். மாப்பிள்ளை சுடுகாட்டில் சுற்றுகிறவர், சாம்பல் பூசிக்கொள்கிறவர், சம்பாத்தியம் கிடையாது என்று மாமியாருக்கு ஏகக் குறை. வருஷத்துக்கு ஒரு தடவை, நாலைந்து நாள், பிள்ளைகள் நாலையும் கூட்டிக்கொண்டு அவள் அம்மா வீட்டுக்கு வருகிறாள். பூஜை என்பது அவ்வளவுதான். அந்தப் பிள்ளைகளிலும் ஒரு வேடிக்கை. சரஸ்வதி அங்கே அவளுக்கு மகள். இரண்டு பெண்டாட்டிக்காரரான நம் முருகன் அங்கே கல்யாணமே ஆகாதவர். அரச மரத்தடியில் தனிக்கட்டையாக உட்கார்ந்திருக்கும் நம் பிள்ளையாருக்கு அங்கே முக்காடு போட்ட ஒரு வாழைக்கன்று மனைவி என்கிறார்கள்.

"தினமும் இவகிட்ட என்ன கேட்ட?" என்றார் பௌதி.

சொன்னேன். அம்மாவின் கண், மகள், கார்டு எல்லாம் சொன்னேன். அவர் டீ கப்பைக் கீழே வைத்துவிட்டு, "சிவன் சம்மதிச்சு ஃபார்ம்ல கையெழுத்துப் போடட்டும்னு இவ காத்திருந்தா, பெங்கால்ல ஒரு வருஷம்கூட பூஜை நடந்திருக்காது" என்றார்.

எனக்குச் சுள்ளென்று வந்தது. அவருக்கென்ன, சிட்டிசன்ஷிப்பே வாங்கியாயிற்று, நினைத்தால் பறப்பார். தனக்கு வந்தால்தானே தெரியும் தலைவலி? டீ கப்பை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். விளக்கு போடுவதை மட்டும் விடவில்லை. அம்மன் இல்லை என்றுதான் அவர் சொல்லிவிட்டுப் போனார். ஒருவேளை இருந்துவிட்டால்?

மறு அக்டோபரில் பெட்டிகளை எடுக்க வந்தார்கள். பக்கத்து ஊர் ஹைஸ்கூல் ஒன்றின் ஜிம்மை வார இறுதிக்கு வாடகைக்கு எடுத்திருந்தார்கள். "உங்க வீட்டுல தங்கினவ. நீ வராம எப்படி?" என்று பௌதி சொன்னதால் நாங்களும் போனோம்.

பெட்டியைத் திறந்து, பழைய காட்டன் சேலைச் சுற்றைப் பிரித்து, முதல்முதலாக அவள் முகத்தைப் பார்த்தேன். ஒரு வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் பார்க்காத முகம். காதைத் தொடுகிற அளவுக்கு நீண்ட கண்கள். கையில் சூலம், காலடியில் அசுரன், ஆனால் முகத்தில் கோபமே இல்லை. பயணம் போய்க் களைத்துப்போன ஒரு பெண்ணின் முகம்தான். எனக்கு என்னவோ செய்தது.

அவள் தலைக்கு மேலே பாஸ்கெட்பால் வளையம் தொங்கியது. அவர்கள் ஊர் மேளச் சத்தம் கேசட்டில் ஓடியது. சாம்பிராணி ஏந்தி ஆடுவதற்கு ஸ்கூல்காரர்கள் அனுமதிக்கவில்லை, ஃபயர் அலாரம் அடித்துவிடுமாம். பஞ்சாங்கப்படி வார நாளில் வர வேண்டிய நாட்களையெல்லாம் வெள்ளி சாயங்காலத்திலிருந்து ஞாயிறு சாயங்காலத்துக்குள் அடக்கிவிட்டார்கள். திங்கட்கிழமை அவளுக்கும் ஆபீஸ் இருக்கிறது போல.

நான் ஒரு மூலையில் கைகூப்பி நின்றேன். அந்த ஜிம்மில் அப்படி நின்றது நான் ஒருத்திதான் என்று நினைக்கிறேன். மற்ற பெண்களெல்லாம் புதுச்சேலை சரசரக்க, சாமிக்கு முன்னாலேயே காலை நீட்டி உட்கார்ந்து வம்பு பேசினார்கள். பாயசத்தில் இனிப்பு போதாது என்று இரண்டு பேர் சண்டை போட்டார்கள். யாரோ ஒருவர் சரஸ்வதியின் வீணையில் தன் ஹேண்ட்பேகையே மாட்டிவிட்டுப் போனார். சாமிக்குப் பூ போடும் நேரத்தில் மட்டும் எல்லோரும் பட்டினியாக வந்து வரிசையில் நின்றார்கள். திடீரென்று குலவைச் சத்தம் கேட்டுத் திரும்பினேன். அச்சு அசல் நம் ஊர்க் குலவைதான். இரண்டு நாள் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. இது கோயில் இல்லை, மகள் பிள்ளைகளோடு வந்து இறங்கிய வீடு. அப்படி ஒரு வீட்டில் யார் கைகூப்பி நிற்பார்கள்?

ஞாயிறு மத்தியானம் எல்லாம் மாறியது. பூஜை செய்தவர் வார நாட்களில் ஒரு டெலிகாம் கம்பெனியில் வேலை பார்ப்பவர். அவர் தண்ணீர்ப் பாத்திரமும் கண்ணாடியும் வைத்து மந்திரம் சொல்லி முடித்தார். கேசட்டை நிறுத்தினார்கள். பிறகு கல்யாணமான பெண்கள் தட்டில் வெற்றிலை, குங்குமம், இனிப்பு எடுத்துக்கொண்டு, ஒவ்வொருவராக ஸ்டூலில் ஏறினார்கள். இரண்டு கையிலும் வெற்றிலையை வைத்துத் தேவியின் முகத்தைத் துடைத்தார்கள். நெற்றியில் குங்குமம் வைத்தார்கள். இனிப்பைப் பிட்டு வாயில் ஒற்றினார்கள். காதோரம் குனிந்து ஏதோ சொன்னார்கள்.

பௌதியின் முறை வந்தது. இரண்டு நாளாக எல்லோரையும் அதட்டித் தொண்டை கட்டிப்போயிருந்த மனுஷி, ஸ்டூலில் ஏறி அந்த முகத்தைத் துடைக்கும்போது தேம்பித் தேம்பி அழுதார். பொம்மை என்று சொல்லிச் சிரித்தவர் அவர்தான். காதில் என்ன சொல்கிறார்கள் என்று பக்கத்தில் நின்ற பெண்ணைக் கேட்டேன். "மறுபடி வாம்மா. அவ்வளவுதான்" என்றார்.

பௌதி இறங்கினார். நேராக என்னிடம் வந்தார். நான் நகர்ந்து வழிவிடப் பார்த்தேன். அவர் தட்டை என் கணவரின் கையில் கொடுத்துவிட்டு, தேவியைத் துடைத்த மாதிரியே இரண்டு வெற்றிலையால் என் முகத்தைத் துடைத்தார். குங்குமம் வைத்தார். இனிப்பை என் வாயில் ஊட்டினார். காதருகில் வந்தார். அவளிடம் 'வா' என்று சொன்னவர், என்னிடம் சொன்னது வேறு.

"நீ போயிட்டு வா. முதல்ல போயிட்டு வா."

அத்தனை பேருக்கு நடுவில், அந்த ஜிம்மில், நான் ஓவென்று அழுதுவிட்டேன். மார்ச் மாதத்துக் கோபமெல்லாம் எங்கே போனதென்றே தெரியவில்லை. ஒரு கையில் தட்டும் இன்னொரு கையில் மகளுமாக என் கணவர் திகைத்துப்போய் நின்றிருந்தார். சுற்றியிருந்த பெண்கள் குங்குமத்தை எடுத்து ஒருவர் கன்னத்தில் ஒருவர் பூச ஆரம்பித்தார்கள். என் முகத்திலும் பூசினார்கள். அழுத முகமும் சிவப்புமாக நான் எப்படி இருந்திருப்பேனோ!

பிறகு மறுபடியும் பபுள் ராப், மறுபடியும் பழைய சேலை, மறுபடியும் எங்கள் கராஜ். பெட்டிகளை இறக்கி வைத்துவிட்டு எல்லோரும் போன பிறகு, என் கணவர் பெட்டிகளைப் பார்த்தபடியே நின்றார்.

"நம்மூர்ல ஆடி பொறந்தா, கட்டிக் குடுத்த புள்ளைய அழைக்க அண்ணங்காரன் வருவான். உங்கண்ணன் இங்க வர முடியாது. செரி, நானே கொண்டுபோயி பிளேன்ல ஏத்தி உடறேன். நீயும் பாப்பாவும் போயிட்டு வாங்க."

"லாயரு?"

"பெர்மிஷன் வாங்கித் தரச் சொல்லிக் கேக்கறேன்."

"நீங்க வரலீங்களா?"

அது 1999. இரண்டாயிரம் பிறந்ததும் உலகத்துக் கம்ப்யூட்டரெல்லாம் நின்றுபோகும் என்று பயந்துகொண்டிருந்த காலம். டிசம்பரில் அவருக்கு மட்டுமல்ல, எங்களுக்குத் தெரிந்த யாருக்கும் லீவு கிடையாது. "நானு இங்க இருக்கோணும்" என்றார்.

எனக்கு இன்னொரு பயம் இருந்தது. "திரும்பி வரப்ப உள்ள உடலீன்னா?"

அவர் யோசிக்கவே இல்லை. "அப்ப நா அங்க வந்தர்றேன். எங்கப்பன் மஞ்சக்காடு எங்கயும் போயிராது." செரி என்று சட்டென்று சொல்லிவிடும் அந்தக் குணத்தை அதுவரை எத்தனையோ தடவை திட்டியிருக்கிறேன். அன்றிலிருந்து திட்டுவதில்லை.

அனுமதிக் காகிதம் வந்தது. டிசம்பரில் மகளைத் தூக்கிக்கொண்டு, மூன்று பிளேன் மாறிக் கோயம்புத்தூரில் இறங்கினேன். அண்ணன் கூட்டிக்கொண்டு போனார். கோபி டவுனுக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டுக் கேட்டைப் பிடித்துக்கொண்டு அம்மா நின்றிருந்தார். காலையிலிருந்தே நிற்கிறாராம். கார் வந்த திசைக்குக் கொஞ்சம் தள்ளி வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். தாமதமாக வந்துவிட்டேனோ?

"வா சாமி, வா" என்று அம்மா கையை நீட்டினார். எங்கள் பக்கம் குழந்தைகளைச் சாமி என்றுதான் கொஞ்சுவோம். மகள் முதலில் என் சேலைக்குள் ஒளிந்தாள். ஒரு துண்டு வெல்லத்துக்கு விலைபோனாள். அம்மா அவளைத் தூக்கிக்கொண்டு நடு வாசலுக்கு, நல்ல வெயிலுக்குப் போனார். ஜவுளிக்கடையில் சேலையின் நிறம் தெரிய வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து பார்ப்பார்களே, அந்த மாதிரி அவள் தாடையைப் பிடித்து இந்தப் பக்கம், அந்தப் பக்கம், மேலே, கீழே என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார். தன் மூக்கு அவள் மூக்கில் இடிக்கிற அளவுக்குக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார்.

"மூக்கு எங்கப்பனாட்டமே இருக்குது. காது உன்ற மாமியாளுது" என்றார்.

இரண்டுமே உண்மை. அம்மாவுக்குத் தெரிகிறது! நானும் அண்ணனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அதற்குள் என் மகள் பொறுமையிழந்து, "வாட் இஸ் ஷீ டூயிங்?" என்று என்னைக் கேட்டாள்.

"என்ன சொல்றா?" என்றார் அம்மா.

"நீங்க என்ன பண்றீங்கன்னு கேக்கறாங்கம்மா."

அம்மா கண்ணை எடுக்காமலேயே சொன்னார். "பாத்து வெச்சுக்கறேன்னு சொல்லு."

அந்த ஒரு மாதம் முழுக்க அம்மா அதைத்தான் செய்தார். தினமும் காலையில் வெயில் ஏறியதும் பேத்தியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவார்.

திரும்பி வரும்போது டாலஸ் ஏர்போர்ட்டில் தனி அறையில் உட்கார வைத்துவிட்டார்கள். மகள் அழுது தூங்கி, எழுந்து மறுபடி அழுதாள். கடைசியில் ஒரு அதிகாரி காகிதத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, எதுவும் கேட்காமல் முத்திரை குத்தித் தந்தார். வெளியே என் கணவரோடு பௌதியும் நின்றிருந்தார்.

கார்டு வர அதற்குப் பிறகும் ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. 2001-இல் நாங்கள் மூன்று பேருமாக, நிம்மதியாக, ஊருக்குப் போனோம். அம்மா கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை. உள்ளே கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பேத்தியின் முகத்தை விரலால் தடவிப் பார்த்தார். நெற்றி, கண், மூக்கு. மூக்கில் விரல் நின்றது. "அப்படியேதான் இருக்குது" என்று சிரித்தார். கார்டுக்காகக் காத்திருந்திருந்தால் அந்த விரலுக்கு எது அப்படியே இருந்திருக்கும்?

அந்தப் பெட்டிகள் பெங்காலிகள் சொந்தமாக இடம் பார்க்கும் வரை எங்கள் கராஜில்தான் இருந்தன. முதல் தடவை ஊரிலிருந்து வந்த மறுநாளே நான் மறுபடி விளக்கேற்றினேன். பார்த்துவிட்டுப் பௌதி, "அவ இல்லைன்னு தெரிஞ்ச பிறகுமா?" என்று கேலி செய்தார். "புருஷன் வீட்டுல இருக்கிற பெண்ணை நினைச்சும் யாராவது ஒரு விளக்கு வைக்க வேண்டாமா?" என்றேன். அவர் சிரிக்கவில்லை. அடுத்த தடவை வரும்போது கையில் ஒரு நல்லெண்ணெய்ப் பாட்டிலோடு வந்தார்.

அம்மா இப்போது இல்லை. என் மகள் கலிஃபோர்னியாவில் டப்ளின் பக்கம் வேலை பார்க்கிறாள். வருஷத்துக்கு நாலைந்து நாள் வருவாள். வந்தால் வீடு முழுக்கச் செருப்பும் சார்ஜரும் சத்தமும்தான். கிளம்பும்போது ஏர்போர்ட்டில் நான் முந்தானையால் அவள் முகத்தைத் துடைப்பேன். "அம்மா, மேக்கப்!" என்று கத்துவாள். கத்தட்டும். தாடையைப் பிடித்து இந்தப் பக்கம், அந்தப் பக்கம் திருப்பி, மூக்கு, காது, நெற்றி என்று அடுத்த வருஷம் வரைக்கும் தாங்குகிற மாதிரி ஒவ்வொன்றாகப் பார்த்து வைத்துக்கொள்கிறேன்.